லூப் ஏன் வேகமாகவில்லை: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வெள்ளவத்தையில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் ஒரு சிறிய படிப்பு வட்டத்தில், சி மொழியில் நிரல் எழுதும் இளையவர்களோடு அமர்ந்து அவர்களுடைய நிரல்களைப் பார்ப்பது என் வழக்கம். கம்பைலர் (மூலநிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) லூப்புகளை (திரும்பத் திரும்பச் சுற்றும் நிரல் பகுதிகளை) வேகமாக்கும் என்று படித்திருக்கிறோம், ஆனால் எங்களுடைய லூப்பை அது தொடவே இல்லை என்ற முறைப்பாட்டை அங்கே அடிக்கடி கேட்கிறேன். அதற்கு நேர் எதிராக, கம்பைலருக்கு வேகமாக்கும் தெரிவைக் கொடுத்தவுடன் விடை பிழைத்துவிட்டது என்று பதறி வருபவர்களும் உண்டு. இரண்டு முறைப்பாடுகளுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு லூப்பை மாற்றி எழுதுவதற்கு முன், மாற்றிய பின்னும் நிரலின் பொருள் அப்படியே இருக்கும் என்பதைக் கம்பைலர் தானே நிறுவிக்கொள்ள வேண்டும். நிறுவ முடியாவிட்டால் லூப்பை எழுதியபடியே விட்டுவிடும். நீங்கள் மொழியின் விதியை மீறி எழுதியிருந்தாலோ, மீறாமல் எழுதியிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நிறுவி முடித்து, நீங்கள் எதிர்பாராத இடத்துக்கு நிரலைக் கொண்டுபோய்விடும்.

கீழே ஒவ்வோர் அறிகுறியையும் எடுத்து, அதற்குக் காரணமாகக் கூடியவற்றை நான் சோதிக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். உதாரணங்களுக்கு ஒரே நிரலை வைத்துக்கொள்வோம். அது தானியங்கி மழைமானிகளின் தரவைப் படித்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் மழைவீழ்ச்சியைக் கணக்கிடுகிறது. மழைமானியின் வாளி ஒருமுறை சாய்ந்தால் 0.2 மில்லிமீற்றர் மழை என்பது கணக்கு. நான் குறிப்பிடும் தெரிவுகள் ஜிசிசி, கிளாங் ஆகிய இரு கம்பைலர்களுக்கு உரியவை.

அளவிடும் போதெல்லாம் வேறு வேறு நேரம் வருகிறது

இதைத் தீர்க்காமல் மற்ற எதையும் ஆராயக் கூடாது. கொழும்பில் மார்ச், ஏப்ரல் மாதங்களின் நண்பகலில், குளிரூட்டி இல்லாத அறையில் மடிக்கணினியை இயக்கினால், செயலி சூடேறித் தன் கடிகார வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் அளந்த பழைய நிரலையும் நண்பகலில் அளந்த புதிய நிரலையும் ஒப்பிட்டு, மாற்றம் தீமை செய்தது என்று முடிவுகட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் செய்த மாற்றம் உண்மையில் நல்ல மாற்றம். மின்னிணைப்பில் வைத்து, இரு நிரல்களையும் மாறி மாறிப் பத்து முறையாவது இயக்கி, ஒவ்வொன்றினதும் மிகக் குறைந்த நேரத்தை ஒப்பிடுங்கள்.

தெரிவை மாற்றினாலும் நேரம் மாறவே இல்லை

முதலில், தெரிவு கம்பைலரைச் சென்றடைகிறதா என்று பாருங்கள். எதுவும் சொல்லாவிட்டால் ஜிசிசி, வேகமாக்கல் ஏறத்தாழ எதுவும் செய்யாத -ஓ0 நிலையிலேயே தொகுக்கிறது. அந்த நிலையில் லூப்பின் ஒவ்வொரு மாறியும் ஒவ்வொரு சுற்றிலும் நினைவகத்துக்குப் போய் வருகிறது. தொகுக்கும் கட்டளைகளை ஆயத்தம் செய்யும் சிமேக் கருவியைப் பயன்படுத்துவோர் கட்டுமான வகையைக் குறிப்பிடாமல் விட்டால், வேகமாக்கும் தெரிவு எதுவும் சேர்க்கப்படாது. கட்டளைகளை முழுமையாக அச்சிடும் வகையில் கட்டுமானத்தை இயக்கி, வேகமாக்கும் நிலையான -ஓ2 என்பது கண்ணால் தெரிகிறதா என்று பாருங்கள்.

தெரிவு சரியாகவே இருந்தால், பெரும்பாலும் நேரம் அந்த லூப்பில் செலவாகவில்லை என்று பொருள். லினக்ஸில், நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியைக் கொண்டு பதிவுசெய்து பார்த்தால், கோப்பிலுள்ள எழுத்துகளை எண்களாக மாற்றுவதிலேயே பெரும்பகுதி நேரம் போவது அடிக்கடி தெரியவரும். மொத்த நேரத்தில் நூற்றுக்கு 5 பங்கை எடுக்கும் லூப்பை முற்றாக இல்லாமற் செய்தாலும் மிச்சமாவது அந்த 5 பங்குதான்.

நேரம் பூச்சியம் என்று காட்டுகிறது

லூப்பின் விடையை நீங்கள் எங்கும் பயன்படுத்தவில்லை என்றால், லூப் முழுவதையும் கம்பைலர் நீக்கிவிடும். விடையை அச்சிட்டாலும் இது நிகழலாம்: 1 முதல் ஓர் எல்லை வரையுள்ள முழு எண்களைக் கூட்டும் லூப்பைக் கிளாங், பள்ளியில் படித்த கூட்டல் சூத்திரமாகவே மாற்றிவிடுகிறது, சுற்றுவதற்கு எதுவும் எஞ்சாது. அணி (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) முழுவதையும் பூச்சியமாக்கும் லூப்பு, நூலகத்தின் மெம்செட் அழைப்பாக மாறுவதும் இதே வகை. எனவே அளவீட்டுக்கான தரவை இயங்கும் நேரத்தில் கோப்பிலிருந்து படியுங்கள்; விடையைக் கட்டாயம் வெளியிடுங்கள். கூட்டுத்தொகை மாறியை வாலட்டைல் என்று அறிவித்து லூப்பைக் காப்பாற்ற முயல வேண்டாம். அவ்வாறு செய்தால் ஒவ்வொரு சுற்றிலும் நினைவகத்துக்கு எழுதும்படி கம்பைலரைக் கட்டாயப்படுத்துகிறீர்கள். பிறகு நீங்கள் அளப்பது அந்த எழுதுதலை மட்டுமே.

எளிய லூப்தான், ஆனாலும் வெக்டராக்கம் நடக்கவில்லை

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் பெரிய ஆதாயம் கிடைக்கும் இடம் இதுவே. இன்றைய செயலிகளில் ஒரே கட்டளையால் பல எண்களைக் கையாளலாம். லூப்பை அதற்கேற்ப மாற்றுவதே வெக்டராக்கம். 64 பிட் எக்ஸ்86 செயலிகள் எல்லாவற்றிலும் இருக்கும் எஸ்எஸ்ஈ2 என்ற கட்டளைத் தொகுப்பு, டபுள் எனப்படும் தசமப் புள்ளி எண்கள் இரண்டையும், பின்னர் வந்த ஏவிஎக்ஸ்2 தொகுப்பு உள்ள செயலி நான்கு டபுள் எண்களையும் ஒன்றாகக் கையாளும். கம்பைலர் இதைச் செய்ததா, செய்யாவிட்டால் ஏன் என்பதை அதனிடமே கேட்கலாம். ஜிசிசியில் -எஃப்ஆப்ட்-இன்ஃபோ-வெக்-மிஸ்ட் என்ற தெரிவும், கிளாங்கில் லூப்-வெக்டரைஸ் என்ற பெயரோடு கொடுக்கும் -ஆர்பாஸ்-மிஸ்ட், -ஆர்பாஸ்-அனாலிசிஸ் ஆகிய தெரிவுகளும், எந்த வரியிலுள்ள லூப் எக்காரணத்தால் கைவிடப்பட்டது என்று அறிவிக்கும். இந்த அறிக்கையைப் படிக்காமல் நிரலைத் திருத்தத் தொடங்குவது, நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவதற்கு ஒப்பானது.

பதிப்பையும் நிலையையும் சேர்த்துப் பாருங்கள். 2022-இல் வெளிவந்த ஜிசிசி 12-க்கு முன், -ஓ2 நிலையில் வெக்டராக்கம் தானாக நடப்பதில்லை. அதனினும் தீவிரமான -ஓ3 நிலையைக் கேட்க வேண்டும். 12-ஆம் பதிப்பு -ஓ2 நிலையிலும் அதைத் தொடங்கினாலும், மிகச் சிக்கனமான செலவுக் கணக்கோடு மட்டுமே செய்கிறது.

நிலை சரியாக இருந்தும் நடக்கவில்லை என்றால், பாய்ன்டர்களை (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறிகளை) சந்தேகியுங்கள். நம் நிரலில், வாளி சாய்ந்த எண்ணிக்கைகளைக் கொண்ட ஒரு டபுள் அணி, மழையளவை எழுதவேண்டிய இன்னொரு டபுள் அணி, 0.2 என்ற காரணி ஆகிய மூன்றையும் ஒரு சார்பு (ஃபங்ஷன்) பாய்ன்டர்களாகவே பெறுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கையைக் காரணியால் பெருக்கி, விடையை மழை அணியில் எழுதுகிறோம். காரணி மாறாது என்பது நமக்குத் தெரியும். கம்பைலருக்குத் தெரியாது. மழை அணியின் ஏதோ ஓர் இடமும் காரணி இருக்கும் இடமும் ஒரே முகவரியாக இருக்கக்கூடும். அப்படியானால் மழை அணியில் எழுதும் ஓர் எழுதுதலே காரணியை மாற்றிவிடும். இரண்டும் டபுள் என்பதால் மொழியின் வகை விதிகளும் இங்கே கைகொடுப்பதில்லை. ஆகவே அது காரணியை ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் நினைவகத்திலிருந்து படிக்கிறது.

தீர்வு ஒரு வரிதான்: லூப்புக்கு முன்னே, காரணியின் மதிப்பை உள்மாறி ஒன்றில் எடுத்துக்கொள்ளுங்கள். முகவரி எவருக்கும் கொடுக்கப்படாத உள்மாறியை வேறொரு பாய்ன்டர் மாற்ற முடியாது என்பது கம்பைலருக்கு உறுதி. எஞ்சுவது இரு அணிகளும் ஒன்றையொன்று மேவுகின்றனவா என்ற கேள்வி. -ஓ3 நிலையில் கம்பைலர் லூப்பை இரு பிரதிகளாக எழுதி, இயங்கும் நேரத்தில் முகவரிகளைச் சோதித்து, மேவாவிட்டால் வேகமான பிரதிக்குச் செல்லும். அந்தச் சோதனையையும் தவிர்க்க விரும்பினால், 1999-ஆம் ஆண்டின் சி தரம் தந்த ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைப் பாய்ன்டர்களுக்குச் சேர்க்கலாம். ஆனால் அது நீங்கள் கொடுக்கும் வாக்குறுதி; மேவும் அணிகளை ஒருநாள் அந்தச் சார்புக்கு அனுப்பினால் விடை பிழைக்கும், எச்சரிக்கை எதுவும் வராது. இந்தக் காரணத்தால் நான் முதலில் உள்மாறியைப் பரிந்துரைக்கிறேன், ரெஸ்ட்ரிக்ட் பிறகுதான்.

எழுத்துச்சரத்தின் நீளத்தை லூப்பின் நிபந்தனையிலேயே கேட்பதும் இதன் உறவினர். லூப்பின் உள்ளே அதே சரத்தின் எழுத்துகளை மாற்றுகிறீர்கள் என்றால், நீளம் மாறாது என்பதைக் கம்பைலரால் நிறுவ இயலாது. ஒவ்வொரு சுற்றிலும் சரம் முழுவதும் எண்ணப்படும்.

அறிக்கை சார்பு அழைப்பு ஒன்றைக் குறை கூறினால், பெரும்பாலும் அந்தச் சார்பின் உடல் வேறொரு கோப்பில் இருக்கிறது என்று பொருள். தலைப்புக் கோப்புக்கு நகர்த்தி இன்லைன் ஆக (அழைக்கும் இடத்திலேயே அதன் உடல் பதிய) வாய்ப்பளியுங்கள், அல்லது -எஃப்எல்டிஓ தெரிவால் இணைக்கும் நேரத்தில் பார்க்கச் செய்யுங்கள். முந்தைய சுற்றின் விடையை இந்தச் சுற்று பயன்படுத்துகிறது என்று அறிக்கை சொன்னால், அதாவது இன்று வரையான திரண்ட மழையை நேற்று வரையான தொகையிலிருந்து கணக்கிடுகிறீர்கள் என்றால், தடை உங்கள் கணிப்பு முறையிலேயே இருக்கிறது, தெரிவுகளால் அது நீங்காது.

கூட்டுத்தொகை லூப் மட்டும் மெதுவாகவே இருக்கிறது

முழு எண்களைக் கூட்டும் லூப் வேகமாகி, அதே வடிவிலுள்ள டபுள் லூப் அப்படியே நிற்பதைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். காரணம் கணிதத்தில் இருக்கிறது. 0.1, 0.2, 0.3 ஆகிய மூன்று டபுள் எண்களை எடுங்கள். முதல் இரண்டைக் கூட்டிப் பின் மூன்றாவதைச் சேர்த்தால் 0.6000000000000001 வரும், பின் இரண்டைக் கூட்டி முதலாவதைச் சேர்த்தால் 0.6 வரும். மிதவைப் புள்ளிக் கூட்டலில் வரிசை மாறினால் விடை மாறும். நான்கு பகுதிக் கூட்டுத்தொகைகளை இணையாக வைத்திருந்து இறுதியில் சேர்ப்பதே வெக்டராக்கத்தின் வழி என்பதால், அது வரிசையை மாற்றுகிறது. எனவே உங்கள் அனுமதி இன்றிக் கம்பைலர் செய்யாது. இந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். கடைசி இலக்கத்தைக்கூடக் கேட்காமல் மாற்றாத கருவியை நம்பிக் கணக்கைக் கொடுக்கலாம்.

அனுமதி கொடுக்கும் வழிகளில் ஃபாஸ்ட்-மேத் என்ற தெரிவே பலருக்கும் தெரிந்தது, அதையே நான் மிகவும் எச்சரிக்கிறேன். மழைமானி பழுதான நாட்களின் தரவை நாம் நேன் எனப்படும் எண் அல்லாத மதிப்பாகப் பதிந்து, கூட்டும்போது அத்தகைய நாட்களைச் சோதித்துத் தவிர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஃபாஸ்ட்-மேத் தெரிவோ, நேன் என்ற மதிப்பே நிரலில் வராது என்று நீங்கள் உறுதியளித்ததாகக் கம்பைலருக்குச் சொல்கிறது. வராத ஒன்றைச் சோதிப்பது வீண் என்று அது சோதனையை நீக்கிவிடலாம். அதன்பின் பழுதான ஒரு நாள் போதும், அந்த மாதத்தின் மொத்தமே நேன் ஆகிவிடும். நான் முன்பு பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில், ஒரு கட்டுமானக் கோப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதிசெய்யப்பட்ட இந்த ஒரு தெரிவைத் தேடிக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாட்கள் பிடித்தன.

அனுமதியை அந்த ஒரு லூப்புக்கு மட்டும் கொடுப்பதே முறை. 2013-இல் வந்த ஓப்பன்எம்பி 4.0 தரத்தின் சிம்ட் பிராக்மாவில் (கம்பைலருக்கென மூலநிரலில் எழுதும் குறிப்பு வரியில்), கூட்டுத்தொகை மாறியை ரிடக்ஷன் என்று குறித்து, -எஃப்ஓப்பன்எம்பி-சிம்ட் தெரிவோடு தொகுத்தால், அந்த லூப்பில் மட்டும் வரிசை மாற்றம் அனுமதிக்கப்படும். நான்கு பகுதித் தொகைகளை நீங்களே கையால் எழுதுவதும் நல்ல வழி. விடை முன்னையதிலிருந்து கடைசி இலக்கங்களில் வேறுபடும். அதைப் பிழை என்று கொள்ள வேண்டாம், நீண்ட கூட்டல்களில் பகுதித் தொகைகளே பெரும்பாலும் உண்மைக்கு நெருக்கமானவை. சோதனைகளில் விடைகளை இலக்கத்துக்கு இலக்கம் ஒப்பிடாமல், ஏற்கத்தக்க வேறுபாட்டு எல்லை ஒன்றை வைத்து ஒப்பிடுங்கள்.

இரு பரிமாண அணியில் மட்டும் பல மடங்கு மந்தம்

4096 நிரை (கிடைவரிசை), 4096 நிரல் (இங்கே நிலைக்குத்து வரிசை) கொண்ட டபுள் அணி 128 மெகாபைட் இடத்தை எடுக்கும். சி மொழியில் ஒரு நிரையின் உறுப்புகள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. எக்ஸ்86 செயலிகள் நினைவகத்தை 64 பைட் வரிகளாகக் கேஷுக்கு (செயலியின் உள்ளிருக்கும் சிறிய, விரைவான நினைவகத்துக்கு) கொண்டுவருவதால், ஒரு வரியில் 8 டபுள் எண்கள் வரும். நிரை வழியே சென்றால் எட்டும் பயன்படும். நிரல் வழியே சென்றால் ஒன்றைப் பயன்படுத்திவிட்டு ஏழை வீசுகிறீர்கள். இந்த அளவில் இன்னொரு துன்பமும் சேர்கிறது. அடுத்தடுத்த நிரைகளுக்கு இடையிலுள்ள தூரம் மிகச் சரியாக 32 கிலோபைட். 32 கிலோபைட்டும் 8 வழிகளும் கொண்ட முதல் நிலைக் கேஷில், ஒரு நிரலின் எல்லா உறுப்புகளும் கேஷின் ஒரே தொகுதிக்குள் (பிரிவுக்குள்) விழும். அங்கே எட்டு வரிகளுக்கு மட்டுமே இடம். மீதிக் கேஷ் வெறுமையாக இருக்க, அந்த எட்டு இடங்களுக்கு நாலாயிரம் வரிகள் போட்டியிடும்.

உள் லூப்பையும் வெளி லூப்பையும் இடம் மாற்றுங்கள். அணியின் பயன்பாடு நிரல் வழியே செல்வதைக் கட்டாயமாக்கினால், ஒவ்வொரு நிரையையும் 4104 உறுப்புகள் கொண்டதாக அறிவித்து, எட்டு உறுப்புகளை வெறுமையாக விடுங்கள். தொகுதிகளின் நெரிசல் அகலும். ஜிசிசி 8 முதல் -ஓ3 நிலையில் லூப் இடமாற்றத்தைக் கம்பைலரே முயல்கிறது என்றாலும், டபுள் எண்களின் ஒரே கூட்டுத்தொகையை நாடும் லூப்பில் அதை நம்பியிருக்க வேண்டாம்: இடமாற்றமும் கூட்டல் வரிசையை மாற்றுவதுதான், முன்னே சொன்ன தடை இங்கும் குறுக்கே நிற்கும். ஃபோர்ட்ரான் மொழியில் அடுக்கும் முறை நேர் எதிரானது, அங்கே நிரல் உறுப்புகளே அடுத்தடுத்து இருக்கும். பழைய ஃபோர்ட்ரான் நிரலைச் சி மொழிக்கு வரிக்கு வரி மாற்றியவர்கள் இந்த அறிகுறியோடு வருவது இதனாலேயே.

-ஓ0 நிலையில் சரியாக ஓடுகிறது, -ஓ2 நிலையில் நின்றுவிடுகிறது அல்லது பிழையான விடை தருகிறது

கம்பைலரில் பிழை என்று எண்ணத் தோன்றும். கம்பைலரிலும் பிழைகள் உண்டு, ஆயினும் அதைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். முதலில் -எஃப்சானிடைஸ் தெரிவை அட்ரஸ், அன்டிஃபைன்ட் ஆகிய இரண்டோடும் கொடுத்துத் தொகுத்து இயக்குங்கள். அணியின் எல்லையைத் தாண்டிய வாசிப்பும், குறியுடைய முழு எண்ணின் நிரம்பி வழிதலும் வரி எண்ணோடு தெரியவரும்.

இவை ஏன் லூப்பைக் கெடுக்கின்றன என்பதற்கு வரலாற்றில் தெளிவான உதாரணம் இருக்கிறது. 2013-இல் வெளிவந்த ஜிசிசி 4.8, மொழியின் விதிகளைக் கொண்டு ஒரு லூப் அதிகபட்சம் எத்தனை முறை சுற்றலாம் என்று கணிக்கத் தொடங்கியது. அதனால், செயலிகளை ஒப்பிட உலகெங்கும் பயன்பட்ட ஸ்பெக் 2006 தொகுப்பிலிருந்த, காணொளியைச் சுருக்கும் எச்264 நிரலே முடிவற்ற லூப்பில் சிக்கியது. அந்த நிரலில் 16 உறுப்புகள் கொண்ட அணியை, சுட்டெண் 16-க்குக் குறைவா என்று சோதிப்பதற்கு முன்னரே வாசித்தார்கள். ஆகக் கடைசிச் சுற்றில் இல்லாத 17-ஆவது உறுப்பு வாசிக்கப்பட்டது. கம்பைலரின் தருக்கம் வேறு வழியில் சென்றது: அணியை வாசித்தாயிற்று, எனவே சுட்டெண் 15-ஐத் தாண்டியிருக்க முடியாது, எனவே 16-க்குக் குறைவா என்ற சோதனை எப்போதும் உண்மை, எனவே சோதனை தேவையில்லை. -எஃப்நோ-அக்ரெசிவ்-லூப்-ஆப்டிமைசேஷன்ஸ் என்ற தெரிவு இந்தக் கணிப்பை நிறுத்தும். காரணத்தை உறுதிசெய்ய அதைப் பயன்படுத்துங்கள், தீர்வாக வைத்திருக்காதீர்கள்; திருத்த வேண்டியது எல்லை தாண்டும் அந்த வாசிப்பு.

நிரல் எதற்கோ காத்திருந்து உறைந்துபோனால், வேறொரு திரெட் (ஒரே நிரலில் இணையாக ஓடும் இன்னோர் இழை) மாற்றவேண்டிய, வேலை முடிந்ததா என்பது போன்ற நிலையைக் காட்டும் கொடிமாறியைச் சாதாரண முழு எண்ணாக அறிவித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். காத்திருக்கும் லூப்பின் உள்ளே அதை எவரும் மாற்றவில்லை என்பதால், வாசிப்பை லூப்புக்கு வெளியே ஒருமுறை செய்தால் போதும் என்று கம்பைலர் நகர்த்திவிடும். சி11 தரம் தரும் அட்டாமிக் வகையில் அறிவித்தால் தீரும்.

என் கணினியில் ஓடுகிறது, மற்றொன்றில் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று நிற்கிறது

-மார்ச்=நேட்டிவ் என்ற தெரிவு, தொகுக்கும் கணினியின் செயலிக்கென்றே கட்டளைகளைத் தேர்கிறது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய புதிய கணினியில் தொகுத்து, 2013-க்கு முந்தைய செயலியுள்ள அலுவலகக் கணினிக்கு எடுத்துச் சென்றால், அங்கே ஏவிஎக்ஸ்2 இருக்காது. பொதுவான இலக்குக்குத் தொகுத்து, மிகுந்த நேரம் எடுக்கும் சார்புக்கு மட்டும் டார்கெட்-குளோன்ஸ் பண்பைச் சேருங்கள். இயங்கும் செயலிக்கு ஏற்ற பிரதி அப்போது தெரிவாகும்.

-ஓ3 கொடுத்தால் -ஓ2-ஐ விட மெதுவாகிறது

இது உண்மையிலேயே நிகழும். லூப் மூன்று, நான்கு முறை மட்டுமே சுற்றுகிறது என்றால், வெக்டர் பிரதியின் முன்னேற்பாடும், மிச்ச உறுப்புகளுக்கான தனி லூப்பும் ஆதாயத்தை விழுங்கிவிடும். விரிக்கப்பட்ட கட்டளைகள் பெருகி, கட்டளைக் கேஷிலிருந்து வேறு பயனுள்ள பகுதிகளை வெளியேற்றுவதும் உண்டு. லூப் எத்தனை முறை சுற்றும், எந்தக் கிளை அடிக்கடி எடுக்கப்படும் என்பவை மூலநிரலில் எழுதப்பட்டிருப்பதில்லை, கம்பைலர் ஊகிக்கிறது. ஊகத்துக்குப் பதிலாக அளவீட்டைக் கொடுக்கலாம். -எஃப்புரொஃபைல்-ஜெனரேட் தெரிவோடு தொகுத்து, நிரலை ஒருமுறை இயக்கி, திரண்ட பதிவோடு -எஃப்புரொஃபைல்-யூஸ் கொடுத்து மீண்டும் தொகுங்கள்.

அந்த ஒருமுறை இயக்கத்துக்கு எந்தத் தரவைக் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். கொழும்பின் பெப்ரவரி மாதத் தரவைக் கொடுத்தால், மழை பூச்சியம் என்ற கிளையே ஏறத்தாழ எப்போதும் எடுக்கப்படுகிறது என்று கம்பைலர் அறிந்துகொண்டு, மழையைக் கணக்கிடும் பகுதியை ஒதுக்குப்புறத்தில் வைக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழைத் தரவையும், தென்மேற்குப் பருவ மாதம் ஒன்றின் தரவையும் அதனோடு சேர்த்துக் கொடுங்கள்.